சர்வரை நகலெடுங்கள், சாவிகளை விட்டுவிடுங்கள்

பில்ட் சர்வர் பார்க்கும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

மல்லாங்கிணறு, கல்குறிச்சி, ஆவியூர், காரியாபட்டி என்று இந்தச் சுற்றுவட்டாரத்திலிருந்து படித்துப் போய், மதுரையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் பில்ட் சர்வர் பார்க்கிற உங்களை நினைத்து இதை எழுதுகிறேன். சிவகாசியிலேயே இருந்துகொண்டு அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலை அலுவலகங்களுக்கும் மென்பொருள் செய்துகொடுக்கும் சின்ன நிறுவனங்களில், எல்லா வேலையையும் ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுச் செய்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஜென்கின்ஸ் சர்வரை இடம் மாற்றும்போதும், சோதனைக்காக அதற்கு ஒரு க்ளோன் எடுக்கும்போதும், உள்ளே இருக்கிற பாஸ்வேர்டுகளையும் டோக்கன்களையும் எஸ்எஸ்எச் கீகளையும் அப்படியே அள்ளிக்கொண்டு போகாதீர்கள். புது சர்வருக்குப் புதுச் சாவிகள் போடுங்கள். பழையவற்றை, அவை எங்கே வழங்கப்பட்டனவோ அங்கேயே போய் ரத்து செய்யுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்குத்தான் மீதி மடல்.

இந்த வேலை உங்கள் தலையில் எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியும். பழைய மெஷினில் டிஸ்க் நிறைந்துபோகும், இல்லாவிட்டால் கிளவுட் பில் எகிறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம், “திங்கட்கிழமைக்குள்ள புது சர்வருக்கு மாத்தி விட்ருங்க” என்று ஒரு மெசேஜ் வரும். சாவிகளைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது. நீங்கள் ராத்திரி உட்கார்ந்து ஹோம் ஃபோல்டரை டார் போட்டு, புது மெஷினில் பிரித்து, சர்வீஸை ஸ்டார்ட் செய்வீர்கள். ஜாப்கள் பச்சை காட்டும். “முடிந்தது” என்று பதில் அனுப்பிவிட்டுப் படுப்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் நிறுவனத்தின் சாவிக்கொத்து ஒன்றுக்கு இரண்டாக ஆகியிருக்கும். டார் ஃபைலையும் கணக்கில் சேர்த்தால் மூன்று.

அந்த நகலுக்குள் என்ன போகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஜென்கின்ஸ் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் ஹோம் ஃபோல்டருக்குள்ளேதான் வைத்திருக்கிறது. கிரெடென்ஷியல்ஸ் எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் உங்கள் பாஸ்வேர்டுகள் என்கிரிப்ட் ஆகி இருக்கும். அதே ஹோமுக்குள் சீக்ரெட்ஸ் என்று ஒரு ஃபோல்டர். அதில் மாஸ்டர் கீ. பூட்டும் சாவியும் ஒரே ஃபோல்டரில், ஒரே டார் ஃபைலில், ஒரே ஸ்னாப்ஷாட்டில் பயணம் செய்கின்றன. கிரெடென்ஷியல்ஸ் கோப்போடு முடிந்துவிடுகிறது என்றும் நினைக்காதீர்கள். ஃபோல்டர் அளவில் சேமித்த கிரெடென்ஷியல்கள் அந்தந்த ஃபோல்டரின் கான்ஃபிக் கோப்பில் இருக்கும். சில பிளகின்கள் தங்கள் பாஸ்வேர்டைத் தங்கள் கான்ஃபிக்கிலேயே வைத்திருக்கும். பழைய பில்ட் லாக்குகளில் யாரோ ஒருவர் டீபக் செய்வதற்காக எக்கோ போட்டுப் பார்த்த டோக்கன் அப்படியே கிடக்கும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் சொந்த சர்வரிலேயே, அனுமதியோடு, ஒருமுறை செய்து பாருங்கள். அட்மினாக உள்ளே போய் மேனேஜ் ஜென்கின்ஸ் பக்கத்தில் ஸ்கிரிப்ட் கன்சோலைத் திறந்தால் வெள்ளையாக ஒரு பெட்டி வரும். அதில் ஒரே ஒரு வரி, டிக்ரிப்ட் என்று அழைக்கும் வரி. அது இன்றும் ஹட்சன் என்றுதான் தொடங்கும். 2011 வரை ஜென்கின்ஸுக்கு இருந்த பழைய பெயர் அது. அந்த வரியின் அடைப்புக்குள், கிரெடென்ஷியல்ஸ் கோப்பிலிருந்து எடுத்த நீளமான எழுத்துக் குவியலை ஒட்டுங்கள். ரன் பொத்தானை அழுத்துங்கள். கீழே ரிசல்ட் என்ற சொல்லுக்கு அடியில் உங்கள் புரொடக்ஷன் டேட்டாபேஸின் பாஸ்வேர்டு, முகத்தை மூடாமல் வந்து நிற்கும். ஹேக்கிங் டூல் எதுவும் தேவைப்படவில்லை. அட்மின் உரிமை மட்டும் போதும். நீங்கள் எடுத்த க்ளோனை வைத்திருப்பவர் தன் லேப்டாப்பில் அதை ஸ்டார்ட் செய்து, கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, தானே அட்மின் ஆகிக்கொள்ளலாம்.

அதனால், “என்கிரிப்ட் ஆகித்தானே இருக்கு அண்ணே” என்று சொல்வதை விட்டுவிடுங்கள். ஜென்கின்ஸின் சொந்த ஆவணமே மாஸ்டர் கீயை வழக்கமான பேக்கப்போடு சேர்க்காதே, தனியாகப் பாதுகாப்பான இடத்தில் வை என்றுதான் சொல்கிறது. என்கிரிப்ஷன் உதவுவது சாவி வேறு இடத்தில் இருக்கும்போதுதான். பில்ட் சேவை வழங்கும் சர்க்கிள்சிஐ என்ற பெரிய நிறுவனத்துக்கே இது நடந்தது. 2022 டிசம்பரில் அங்கே ஒரு பொறியாளரின் லேப்டாப்பில் மால்வேர் புகுந்தது. அவருடைய லாகினை வைத்து உள்ளே போனவர்கள் வாடிக்கையாளர்களின் ரகசியங்களை எடுத்தார்கள். அவை என்கிரிப்ட் ஆகித்தான் இருந்தன. ஓடிக்கொண்டிருந்த புராசஸிலிருந்து என்கிரிப்ஷன் கீயையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி 4 அன்று அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் எல்லோரிடமும், எங்களிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியங்களையும் உடனே மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அது எங்கோ அமெரிக்காவில் என்று தோன்றினால், நம் நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஜூலை 31. நாடு முழுவதும் ஏறக்குறைய 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் நின்றது. கூட்டுறவு வங்கிகளும் கிராமிய வங்கிகளும் தொழில்நுட்பத்துக்கு நம்பியிருந்த சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் ரான்சம்வேர் தாக்குதலில் சிக்கியது. ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. மற்ற வங்கிகளுக்கும் பரவிவிடக் கூடாது என்று நாட்டின் பணப் பரிமாற்ற வலையமைப்பை நடத்தும் என்பிசிஐ அதைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் நிறுவனம் பின்பு வெளியிட்ட அறிக்கை, தாக்குதல் தொடங்கிய இடமாக, சி-எட்ஜோடு இணைந்து வேலை செய்த புரோன்டூ டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் சரியாக அமைக்கப்படாத ஒரு ஜென்கின்ஸ் சர்வரைக் காட்டியது. ஜென்கின்ஸ் கமாண்ட் லைனில் இருந்த ஓட்டை வழியாக சர்வரிலுள்ள கோப்புகளைப் படிக்க முடிந்தது. அந்த வழியில் பிரைவேட் கீகளைப் படித்து எஸ்எஸ்எச் மூலம் உள்ளே போயிருக்கலாம் என்று அந்த அறிக்கை விளக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் பதிப்பு 2024 ஜனவரியிலேயே வெளியாகிவிட்டது.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் ஒன்று உண்டு. முடங்கிப்போனவை கூட்டுறவு வங்கிகளும் கிராமிய வங்கிகளும். பெரிய நகரத்துக்காரர்கள் அந்த நாளைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் அது மிகச் சிறிய பங்குதான். ஆனால் அப்படிப்பட்ட வங்கிகளில்தான் நம் ஊரைப் போன்ற ஊர்களில் பயிர்க்கடன் வரவாகிறது, நகைக்கடன் ஓடுகிறது, மகளிர் குழுவின் சேமிப்பு கிடக்கிறது. தீப்பெட்டி ஒட்டியும் திரி வெட்டியும் சம்பாதித்த பணத்தை அப்பா அம்மா அங்கேதான் போட்டு வைக்கிறார்கள். அந்தக் காசில் படித்துத்தான் நம்மில் பலர் இந்த வேலைக்கு வந்தோம். ஒரு பில்ட் சர்வருக்குள் கிடக்கும் ஒரு எஸ்எஸ்எச் கீக்கும், கிளை வங்கி வாசலில் பாஸ்புக்கோடு நிற்கும் ஒருவருக்கும் இடையே இத்தனை குறைந்த தூரம்தான் இருக்கிறது என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருட்டுப் போனால்தான் சேதம் என்றும் இல்லை. மதுரையில் ஒரு சிறு நிறுவனம். மொத்த வியாபாரக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்பவர்கள். தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரத்தில் பில்ட் சர்வருக்கு ஒரு க்ளோன் எடுத்து, புது பிளகின்களைச் சோதிக்க ஒரு பையனிடம் கொடுத்தார்கள். அவன் ஒழுங்காகத்தான் செய்தான். பைப்லைனை டெஸ்ட் பிராஞ்சுக்குத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். ஆனால் க்ளோனுக்குள் இருந்த டெப்ளாய் கீ, புரொடக்ஷனுக்கு உரிய அதே கீ. ராத்திரி டெப்ளாய் ஜாபும் அதே நேரத்துக்கு டைமர் வைத்தபடி உயிரோடு இருந்தது. க்ளோன் தன் கடமையைச் செய்தது. பாதி எழுதிய கோட் நேராகப் புரொடக்ஷனுக்குப் போய் உட்கார்ந்தது. காலையில் கடைகளில் பில் போட முடியவில்லை. விஷயம் என் காதுக்கு வந்து நான் போய்ப் பார்த்தபோது சர்வரைச் சரிசெய்துவிட்டிருந்தார்கள். பையனை வேலையை விட்டு அனுப்பியும் இருந்தார்கள். க்ளோனின் டிஸ்க் இமேஜ் மட்டும் எல்லோரும் பார்க்கக்கூடிய ஷேர்டு டிரைவில் அப்படியே கிடந்தது, வேலை செய்யும் சாவிகளோடு. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சாவியை நகலெடுக்கச் சொன்ன முறை தண்டனை இல்லாமல் தப்பித்தது. அந்த முறைப்படி வேலை பார்த்த பிள்ளை போனான்.

அப்படி அடுத்து வேலை இழப்பவர் உங்களில் ஒருவராக இருக்கக் கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லக்கூடிய பதில்களும் எனக்குத் தெரியும். டெஸ்ட் சர்வர்தானே, உள் நெட்வொர்க்கில்தானே இருக்கிறது என்பீர்கள். டெஸ்ட் சர்வரை யார் கவனிக்கிறார்கள் என்று நீங்களே யோசியுங்கள். அதற்கு அப்டேட் போடுவதில்லை. எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்திருப்பீர்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதியாக ஒரு போர்ட் திறந்திருக்கும், மூட மறந்திருப்பீர்கள். திருட வருகிறவன் காவல் உள்ள வாசலுக்கு ஏன் போகப் போகிறான்? 2021-இல், கோட் கவரேஜ் கருவி தரும் கோட்கவ் நிறுவனத்தில், டாக்கர் இமேஜ் உருவாக்கும் முறையிலிருந்த ஒரு தவறால் இமேஜுக்குள்ளிருந்து ஒரு கிரெடென்ஷியலை எடுக்க முடிந்திருக்கிறது. அந்த ஒன்றை வைத்து அவர்களுடைய அப்லோடர் ஸ்கிரிப்டை மாற்றினார்கள். ஜனவரி 31-இல் தொடங்கியது ஏப்ரல் 1 அன்றுதான் தெரியவந்தது. இடைப்பட்ட இரண்டு மாதமும் அந்த ஸ்கிரிப்டை ஓட்டிய நிறுவனங்களின் பில்ட் சூழலில் இருந்த டோக்கன்கள் திருடர்களின் சர்வருக்குப் போகும் நிலை இருந்தது. தொடக்கம் ஒரு இமேஜுக்குள் தங்கிவிட்ட ஒரே ஒரு சாவி.

இன்னொரு பதில், சாவியை மாற்றினால் நூறு பைப்லைன் உடைந்துவிடும் என்பது. இந்தப் பயம்தான் உங்களைப் பெரிதும் தடுக்கிறது என்று நினைக்கிறேன். ஆனால் இதற்கு எளிய வழி இருக்கிறது. பைப்லைன் ஒரு கிரெடென்ஷியலை அதன் ஐடியைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது, அதற்குள் இருக்கும் மதிப்பு என்ன என்று அதற்குத் தெரியாது. புது சர்வரை சீக்ரெட்ஸ் ஃபோல்டரும் கிரெடென்ஷியல்ஸ் கோப்பும் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். அது தனக்கென்று புது மாஸ்டர் கீயை உருவாக்கிக்கொள்ளும். பிறகு அதே ஐடிகளில், புதிதாக வாங்கிய டோக்கன்களையும் கீகளையும் போடுங்கள். ஜென்கின்ஸ்ஃபைலில் ஒரு எழுத்துக்கூட மாற வேண்டியதில்லை. ஐடி பெட்டியைக் காலியாக விட்டு, ஜென்கின்ஸே ஒரு நீள எண்ணை வைத்துக்கொள்ள விட்டவர்கள் மட்டும் கொஞ்சம் சிரமப்படுவார்கள். இனிமேலாவது பெயர் வைத்துப் பழகுங்கள்.

மாற்றும்போது வேலை நிற்காமலும் பார்த்துக்கொள்ளலாம். அமேசான் கிளவுடில் ஒரு பயனருக்கு இரண்டு அக்சஸ் கீ வரை வைத்துக்கொள்ள அனுமதிக்கிறார்கள். ஆகவே புதியதை உருவாக்கி, புது சர்வரில் போட்டு, ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய கீ கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதையும் அங்கேயே காட்டும். அது பயன்படுவது நின்ற பிறகு முதலில் செயலிழக்கச் செய்து, சில நாள் பார்த்துவிட்டு அழியுங்கள். கிட்ஹப் போன்ற இடங்களிலும் இதே வரிசைதான். க்ளோனை முதன்முதலில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், அது வெளியே எங்கும் பேச முடியாதபடி ஃபயர்வாலில் அடைத்துவிடுங்கள். டைமர் வைத்த ஜாப்களை நிறுத்திய பிறகு தேவையானதை மட்டும் திறங்கள். மதுரையில் இந்த ஒன்றைச் செய்திருந்தாலே அந்தப் பையனின் வேலை போயிருக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டு ஆப் சைனிங் கீயை இந்த வேகத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ப்ளே ஆப் சைனிங்கில் சேர்ந்திருந்தால் அப்லோடு கீயை மாற்றித் தரச் சொல்லிக் கூகுளிடம் கேட்கலாம். சேராத பழைய ஆப்பாக இருந்து கீஸ்டோரைத் தொலைத்தால், அந்த ஆப்புக்கு இனி அப்டேட் போட முடியாது. அதை பில்ட் சர்வரிலிருந்து எடுத்து, தனியே பூட்டி, யாரிடம் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். டார் ஃபைலில் அதுவும் ஒன்றாக அலையக் கூடாது.

பழைய சர்வரை டெலீட் செய்துவிட்டோமே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கு: சர்வரை அழித்தால் சாவி செத்துவிடாது. அந்த டோக்கன் கிட்ஹப்பில் உயிரோடு இருக்கிறது. அந்த எஸ்எஸ்எச் கீயின் மறுபாதி புரொடக்ஷன் மெஷினின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் ஒன்று கிளவுட் கணக்கில் மாத வாடகை வாங்கிக்கொண்டு இருக்கிறது. வேலையை விட்டுப் போன ஒருவரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இன்னொன்று இருக்கலாம். நகல்கள் எங்கெங்கே போயின என்று தேடிப் பிடிப்பது யாராலும் ஆகாத காரியம். சாவியையே செல்லாததாக்குவது உங்களால் ஆகிற காரியம்.

இந்த நெறி உங்களுக்குப் புதிதே இல்லை. பட்டாசு ஆலை லைசென்ஸ் எப்படி என்று உங்களில் பலருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரியும். வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பெசோ வழங்கும் லைசென்ஸ் அந்த இடத்துக்கு, அந்த வரைபடப்படி கட்டிய அறைகளுக்கு, இன்ன அளவு மருந்துக்கு, ஓர் அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்குக்கு எழுதப்பட்டது. ஆலையை வேறு இடத்துக்கு மாற்றினால் அதையே கொண்டுபோய்ச் சுவரில் மாட்ட முடியாது. புது இடத்தைப் பார்த்துப் புதிதாக வாங்க வேண்டும். நகலெடுத்து இன்னொரு ஷெட்டில் வேலை நடத்தினால் அது குற்றம் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு கிரெடென்ஷியலும் இந்த சர்வர், இந்த வேலை, இவ்வளவு உரிமை என்றுதான் இருக்க வேண்டும். டெஸ்ட் சர்வருக்கு டெஸ்ட் டேட்டாபேஸை மட்டும் திறக்கிற சாவி போதும்.

கருவிகளைச் செய்பவர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். ஜென்கின்ஸிலிருந்து கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு மாற்ற கிட்ஹப்பே ஒரு இம்போர்ட்டர் தருகிறது. பைப்லைன்களை அது மாற்றித் தரும், ரகசியங்களைக் கொண்டுவராது. அவற்றை நீங்களே புதிதாகப் போட வேண்டும். அந்த இடத்தில் எரிச்சல்பட்டு, பழைய சர்வரிலிருந்து டிக்ரிப்ட் செய்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, அங்கே ஒட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கருவி தானாகவே உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பைக் கொடுக்கிறது, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேரம் இல்லை என்பது மட்டும் நான் ஒத்துக்கொள்ளும் பதில். நேரம் உங்கள் கையில் இல்லை. ஆகவே மேலே இருப்பவர்களிடம் கேளுங்கள், வாயால் கேட்காமல் மெயிலில் கேளுங்கள். சர்வர் மாற்றத்துக்கு இரண்டு நாள் என்றால் சாவி மாற்றத்துக்கு இன்னொரு நாள் வேண்டும் என்று எழுதுங்கள். தயங்கினால் சட்டத்தைச் சொல்லுங்கள். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான சிஇஆர்டி-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் நடந்தது தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். எந்தச் சாவி எந்த நகலில் இருந்தது என்றே தெரியாத நிறுவனம் அந்த 6 மணி நேரத்தில் என்ன எழுதிக் கொடுக்கும்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க நினைக்கும் முதலாளிக்கு இந்த எண் புரியும். நீங்கள் கேட்டும் கொடுக்கவில்லை என்றால், அந்த மெயிலாவது உங்களுக்குத் துணையாக நிற்கும்.

இப்போது உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். நீங்கள் பார்க்கும் பில்ட் சர்வருக்கு இதுவரை யார் யார், எப்போது, எதற்காக நகல் எடுத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஞாபகம் இல்லையென்றால் கிளவுட் கணக்கில் கிடக்கும் ஸ்னாப்ஷாட் பட்டியலைப் பாருங்கள், அது சொல்லும். அந்த நகல்களில் போன சாவிகளில் புரொடக்ஷனைத் திறக்கிறவை எவை என்று குறித்து, அவற்றை இந்த வாரமே மாற்றுங்கள். மற்றவை அடுத்த வாரம் ஆகட்டும். உங்களுக்குக் கீழே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்யுங்கள். பாடத்திட்டத்தில் பெரும்பாலும் வராத வேலை இது, உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.

அடுத்த முறை சர்வர் மாற்றத்துக்குத் திட்டம் போடும்போது, பழைய சாவிகளை ரத்து செய்யும் தேதியையும் அதே திட்டத்தில் எழுதுங்கள். அந்தத் தேதி வந்து, ரத்து செய்து முடிக்கும்வரை, மைக்ரேஷன் முடிந்தது என்று யாருக்கும் பதில் அனுப்பாதீர்கள்.

அன்புடன்,
காரியாபட்டியிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்